கல்முனைக்கு ஓர் ஆளைச் சரிபார்க்கப் போனேன்

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. காய்கறிக்காரரின் தராசு முள்ளைக் குனிந்து பார்ப்பேன். டாக்டர் எழுதிய மருந்தை இணையத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் விழுங்குவேன். கடையநல்லூரில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். வீட்டுப்பாட நோட்டில் வாப்பா போட்ட கையெழுத்து எது, மகனே போட்டுக்கொண்ட கையெழுத்து எது என்று எட்டடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, நீங்களே கள்ள ஆள் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

சொன்னவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். நாற்பத்தாறு வயதில் நான் எம்.எட். படிக்கிறேன். எங்கள் படிப்பில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு தொழில்முறைக் கற்றல் வலையமைப்பை உண்டாக்க வேண்டும். பெயர்தான் பெரிசு, நடைமுறையில் அது ஒரு வாட்ஸப் குழு. பல இடத்து ஆசிரியர்கள், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் சேர்ந்து, வகுப்பில் எது பலித்தது, எது சொதப்பியது என்று பகிர்ந்துகொள்வது. என் குழுவில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் அதில் இடம் கிடைத்ததா என்பதுதான் என் ஆய்வு.

பதினொரு பேரைச் சேர்த்தேன். நீலகிரி மலைப்பள்ளி ஆசிரியை, மதுரையில் பார்வையற்ற ஓர் ஆசிரியர், மலேசியத் தோட்டப்பள்ளியில் ஒருவர், இப்படி. எல்லாரையும் அட்டவணை போட்டு, வகைக்கு ஒரு நிறம் தீட்டி வைத்திருந்தேன். பதினொன்றாவது வரிசையில் கல்முனை ரிஸ்னா, ஆசிரியப் பயிற்சி மாணவி, இலங்கை முஸ்லிம், வயது இருபத்திரண்டு. அந்த வரிசைக்குப் பச்சை.

வந்தது வினை அந்தப் பச்சையில்தான். குழுவில் வந்த பதிவுகளிலேயே ரிஸ்னாவுடையதுதான் உசத்தி. விருந்தில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சகன் தட்டில் சாப்பிடுகிறார்களே, அதை வைத்துப் பின்னம் நடத்திய பாடத்தை எழுதியிருந்தாள். ஏழாவது ஆள் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு குறையும் என்று பிள்ளைகள் சோற்றைக் கோடு போட்டுக் கண்டுபிடித்தார்களாம். படித்துவிட்டு அசந்துபோனேன். என் ஆய்வின் நான்காம் இயல் முழுக்க அவள் பதிவுகள் மேல்தான் நிற்கிறது.

ஆனால் ஆள் முகம் காட்ட மாட்டாள். ஆரம்பத்தில் ஒரே ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அதோடு சரி. வாராந்திரக் கூட்டத்தில் கேமராவும் அணைந்திருக்கும், மைக்கும் அணைந்திருக்கும். எதைக் கேட்டாலும் அச்சுத் தமிழில் எழுதித்தான் பதில். அதிலும் 'நான்' கிடையாது. 'நாங்கள் செய்து பார்த்தோம்', 'நாங்கள் நினைக்கிறோம்.' இந்த நாங்கள் யார்?

பேராசிரியர் கேட்டது வேறு மாதிரி. "பத்துப் பேரும் முகம் காட்டியாச்சு. இந்தக் கல்முனை யாருங்க நூர்ஜகான்? உங்க சொந்தக்காரப் பொண்ணா? இல்ல இன்னொரு போன்ல நீங்களே எழுதுறீங்களா?" முந்தைய வருடம் இரண்டு பேர் அப்படி இல்லாத ஆளை எழுதி மாட்டிக்கொண்டிருந்தார்கள். "லீவு முடியுறதுக்குள்ள அந்தப் பொண்ணு வீடியோல என்கிட்ட பேசணும். இல்லைன்னா அவ எழுதினது எல்லாத்தையும் எடுத்துருங்க."

எடுத்தால் நான்காம் இயல் போச்சு, ஒரு வருட உழைப்பும் போச்சு. ரிஸ்னாவிடம் கேட்டேன். "இப்போதைக்கு வேண்டாம் மிஸ், மன்னிக்கவும்" என்று எழுதினாள். அந்த நிமிடம் எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. முன்பு ஒரு தடவை பாட அட்டைகளைத் தபாலில் அனுப்பியிருந்தாள். அந்த உறையின் பின்னால் கல்முனைக்குடி விலாசம் இருந்தது. காலாண்டு விடுமுறையில் கிளம்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் யாராவது பிடிபடுவார்களா?

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் அம்பாறை வழியாகக் கரையோரத்துக்குள் பஸ் நுழைந்தது. இருபுறமும் வயல். அது முடிந்ததும் கடைகள், பள்ளிவாசல், கோயில், மறுபடி கடைகள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கண்டக்டர், "இன்னும் இரிக்கி, இரிங்க, நான் சொல்லுறன்" என்றார். சொல்ல மறந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒரு பள்ளிவாசல் மினாரைப் பார்த்ததும் நானே மணியடித்து இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடம் சாய்ந்தமருது. கல்முனைக்குடி அதற்கு அடுத்த ஊர். கண்டக்டர் படியில் நின்று, "நான் சொன்னனே!" என்று கத்திக்கொண்டே போனார். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்ததில் ஒரு சக்கரம் மணலில் கழன்று விழுந்தது. அப்புறம் ஒரு முச்சக்கர வண்டி. ஓட்டுநர் மூன்று இடத்தில் நிறுத்தி, மூன்று பேரிடம் என் விலாசத்தைக் காட்டினார். சுற்றி வளைத்து ஏமாற்றுகிறார் என்று திசையைக் கவனித்துக்கொண்டே வந்தேன். கடல் எப்போதும் வலப்பக்கமே இருந்தது. அதாவது மனிதர் நேராகத்தான் போனார்.

தங்கிய விடுதியில் சாவியைக் கேட்டதற்கு, "பூட்டத் தேவல்ல ராத்தா, இஞ்ச ஒரு பயமும் இல்ல" என்றார் விடுதிக்காரர். இப்படிச் சொல்கிற இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குளித்தேன்.

காலைச் சாப்பாடு இடியப்பம், தேங்காய்ச் சம்பல், மீன் ஆணம். எங்கள் ஊர் மீன் குழம்பில் புளி முன்னால் வந்து நிற்கும். இங்கே தேங்காய்ப்பாலும் கொறுக்காய் என்கிற குடம்புளியும் சேர்ந்து நாக்கை ஓர் இழு இழுத்தன. நன்றாகத்தான் இருந்தது. பால் இல்லாத இஞ்சித் தேநீரை 'பிளேன்டி' என்று கொடுத்தார்கள். மூன்று கரண்டி சீனி போட்டிருந்தார்கள். அதையும் குடித்துவிட்டு விசாரணைக்குக் கிளம்பினேன்.

நேரே வீட்டுக்குப் போவது முட்டாள்தனம். முதலில் அக்கம்பக்கம். ரிஸ்னா வீடு இருக்கும் சந்தின் முனையில், இவர்கள் சொல்வது ஒழுங்கை, ஒரு பலசரக்குக் கடை. கடைக்கார காக்கா, காக்கா என்றால் இங்கே அண்ணன், முழங்கை வரை மாவோடு வெளியே வந்தார். ரிஸ்னா என்ற பெண் இந்த ஒழுங்கையில் இருக்கிறாளா, எப்படிப்பட்ட பெண், சொந்தமாக யோசித்து எழுதுகிறவளா, யாரோடு பழகுகிறாள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "எங்கெரிந்து வாற?"

"இந்தியா. கடையநல்லூர்."

"புள்ளைகள் எத்தின?"

"ஒரு பையன்தான்."

"மகன் என்ன செய்யிறார்?"

"சென்னையில் இன்ஜினியர்."

"முடிச்சா?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். இல்லை என்றேன். காக்காவின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். ஒரு ஸ்டூல் வந்தது, மறுபடியும் பிளேன்டி வந்தது, பணிஸ் என்று சீனி தூவிய பன் வந்தது.

"ரிஸ்னாவா? தங்கமான புள்ள. அஞ்சு வக்தும் தொழுவா. பெரிய சத்தம் போட்டுக் கதைக்க மாட்டா" என்றார் காக்கா. "கைப்பக்குவமும் நல்லம். அவட வட்டிலப்பம் சாப்பிட்டுப் பாருங்க" என்றார் அவர் மனைவி. எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். தங்கமான புள்ள, சத்தம் போட்டுக் கதைக்க மாட்டா, வட்டிலப்பம். மூன்றாம் வீட்டிலும் அதே மூன்று. நான் கேட்டது அவள் படிப்பைப் பற்றி, இவர்கள் சொல்வது சமையலைப் பற்றி. இப்படி வரி பிசகாமல் ஒரே பதிலைப் பத்துப் பேர் எழுதியிருந்தால் பரீட்சையில் என்ன செய்வேன்? பத்துத் தாளையும் தனியாக எடுத்து வைப்பேன். ஒழுங்கையே சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறது என்று முடிவுகட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போனேன். தட்டக்கூட விடவில்லை. என்னை எதிர்பார்த்தே இருந்த மாதிரி ரிஸ்னாவின் உம்மா கதவைத் திறந்தார். "வாங்க வாங்க, இரிங்க." நாற்காலிக்குப் புது உறை. மேசையில் மஞ்சள் சோறு, கோழி, கத்தரிக்காய், அப்பளம், வட்டிலப்பம். ஒரு விசாரணைக்கு வந்தவளுக்கு இத்தனை உபசாரமா? எந்த வீட்டில் தப்பு நடந்திருக்கிறதோ அங்கேதான் டீச்சருக்கு முதலில் காப்பி வரும். எனக்கு இது இருபத்திரண்டு வருட அனுபவம்.

"ரிஸ்னா இல்லையா?"

"உள்ளுக்க இரிக்கா. வருவா. நீங்க முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். உம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நான் மறைக்காமக் கேக்கிறன். ஒங்கட மகன் இஞ்ச வந்து இரிப்பாரா?"

"என் மகன் எதுக்கு இங்கே வந்து இருக்கணும்?"

"எங்கட ஊர் வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதாக்கும். மாப்புள பொண்ணு ஊட்டுக்குத்தான் வாற. ரிஸ்னாவுக்குப் பின்னால வளவுல ஊடு கட்டிட்டிரிக்கம். இந்தியாவுக்கெல்லாம் புள்ளைய அனுப்பேலா."

வட்டிலப்பக் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் பெண்ணை நகை போட்டு அனுப்பிவைப்போம். இங்கே மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணுக்குக் கட்டிய வீட்டுக்கு வர வேண்டும். அதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நான் எங்கே பெண் கேட்டேன்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஊரிலிருந்து நடுவயதுப் பொம்பளை ஒருத்தி வந்து, கல்யாணமாகாத பெண்ணைப் பற்றிக் கடையில் விசாரிக்கிறாள், தனக்குக் கல்யாணமாகாத மகன் இருக்கிறான் என்றும் சொல்கிறாள். ஒழுங்கை வேறு என்னத்தை நினைக்கும்? பாவம், ஆளாளுக்கு அந்தப் பெண்ணின் நல்ல பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"யா அல்லாஹ்! நான் அதுக்கு வரலை. நான் டீச்சர். படிப்பு விஷயமா வந்தேன்" என்று பதறினேன். உம்மாவின் முகம் சுருங்கிப்போனது. உள் கதவுத் திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் வந்தாள்.

"வாங்க மிஸ். எப்படி இருக்கீங்க? டிராவல் எல்லாம் சவுகரியமா இருந்துச்சா? சொல்லியிருந்தா நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது சென்னைத் தமிழ். எங்கள் ஊர் டிவி தொடரில் கதாநாயகி பேசுகிற தமிழ். என்னிடம் இருக்கும் ஒரே குரல்பதிவில் ரிஸ்னா பேசுவதோ, கடைக்கார காக்கா பேசுவது மாதிரி. குரல் ஒன்று, ஆள் வேறா? தன் உம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில் என்னமோ சொன்னாள், அது எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் திரும்பியதும் மறுபடி, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க மிஸ்." ஒரு தப்புகூட இல்லை. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது.

வீடியோவில் பேராசிரியரிடம் பேச வேண்டும், இல்லாவிட்டால் உன் பதிவுகள் போய்விடும் என்று விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை பேசுறேன் மிஸ். நாளைக்கு நீங்க என் ஃப்ரெண்ட் தர்சினியைப் பாருங்க. அவ உங்களைக் கூட்டிட்டுப் போவா." எதற்கு ஒரு நாள் அவகாசம் கேட்கிறாள்? யாரைத் தயார்செய்யப் போகிறாள்?

சனிக்கிழமை காலை விடுதி வாசலில் ஸ்கூட்டரோடு தர்சினி நின்றாள். நெற்றியில் திருநீறு, முதுகில் பெரிய பை. பாண்டிருப்புக்காரி, ரிஸ்னாவோடு ஒரே பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நகரத்தின் நடுவில் ஸ்கூட்டர் இரண்டு முறை நின்றது. பெட்ரோல் முள் வேலை செய்வதில்லையாம், வண்டியைக் குலுக்கிச் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடிப்பாளாம். குலுக்கினாள், சத்தமே வரவில்லை. இரண்டு பேரும் வெயிலில் தள்ளிக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்த இடம் பாண்டிருப்பில் தர்சினி வீட்டு நெல் அறை. ஒரு பக்கம் மூட்டைகள், மறுபக்கம் கரும்பலகை. பலகையில் வட்டம் வரைந்து கோடு போட்டு அழித்த தடம் இருந்தது. ஆறு பங்கு, ஏழு பங்கு.

"இது சகன் பாடம்தானே?"

"ஓம் மிஸ். யோசனை ரிஸ்னாட. எங்கட பக்கத்துல ஒரு தட்டுல ஆறு பேர் சாப்பிடுற இல்ல. அப்ப ஏழாவது ஆள் வந்தா என்ன செய்வீங்க எண்டு நான்தான் கேட்டன். அதிலரிந்து பாடம் வந்த. எழுதுறது ரிஸ்னா. கிழமைக்கு ரெண்டு தரம் நாங்க இஞ்ச இரிந்து செய்யிறம். மெதடிஸ்ட் சேர்ச்சுக்குப் பக்கத்திலரிந்தும் ஒரு புள்ள வாறவ."

'நாங்கள்' இதுதான். பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "அப்படின்னா ஒருத்தி பேர்ல மூணு பேர் எழுதியிருக்கீங்க. இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

தர்சினி கையிலிருந்த சாக்கட்டியை வைத்தாள். "சொன்னமே மிஸ். என்னையும் சேர்க்கச் சொல்லி ரிஸ்னா ஒங்களுக்கு எழுதினா. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'இலங்கைக்கு ஒருத்தர் போதும்மா, அட்டவணை நிறைஞ்சிட்டு' எண்டு."

இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கைப்பேசியை நீட்டினாள். ரிஸ்னா அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அவளுடைய வேண்டுகோளும், அதற்கு அடியில் என் பதிலும், கூடவே நான் போட்ட சிரிக்கிற முகமும் இருந்தன. இலங்கை வரிசைக்குத்தான் பச்சை தீட்டியாகிவிட்டதே என்று அன்றைக்கு நினைத்திருப்பேன்.

"சரி, அது என் தப்பு. ஆனா ஏன் அவ பேச மாட்டேங்கிறா? நேத்து என்கிட்ட சென்னைக்காரி மாதிரி பேசினா. அந்தக் குரல்பதிவு உண்மையிலேயே அவளோடதா?"

"அவடதான்." தர்சினிக்குக் கோபம் வந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்தது. "அந்த வொய்ஸுக்கு நீங்க எல்லாரும் என்ன செஞ்ச எண்டு மறந்திட்டீங்களா மிஸ்?"

எனக்கு ஞாபகம் வந்தது. முதல் மாதம். 'நான் ரிஸ்னா, கல்முனையிலரிந்து கதைக்கிறன்' என்று ஒரு நிமிடம் பேசி அனுப்பினாள். ஐந்தாம் வகுப்பில் மீதி வைத்து வகுத்தல் எப்படி நடத்தினாள் என்று சொன்னாள். வகுத்தலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'செம க்யூட்', 'சிலோன் ரேடியோ கேட்ட மாதிரி இருக்கு' என்று மளமளவென்று வந்தது. 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்று அவள் சொன்னதை மட்டும் வெட்டி ஒருவர் ஸ்டிக்கர் செய்தார். நான் என்ன செய்தேன்? 'தேன் மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் பேசும்மா' என்று எழுதினேன். எங்கள் ஆசிரியர் அறைக்கும் அனுப்பினேன். மதியச் சாப்பாட்டின்போது போட்டுக் கேட்டுச் சிரித்தோம். கெட்ட சிரிப்பு இல்லை, ஆசைச் சிரிப்புத்தான் என்று அன்றைக்குச் சத்தியம் செய்திருப்பேன்.

"அது சுத்திச் சுத்தி கத்தார்ல இரிக்கிற அவட மச்சானுக்குப் போய், மறுகா இஞ்ச வந்த. பாட்டுப் போட்டு வந்த மிஸ்" என்றாள் தர்சினி. "அதுக்குப் பிறகு அவ வாயத் திறக்கல்ல. நாடகம் பார்த்துப் பார்த்து ஒங்கட தமிழப் பழகினா. என்னோடதான் பழகினா, இந்த மூட்டையில இரிந்து. இனி கதைச்சா ஒருத்தரும் சிரிக்கக் கூடா எண்டு."

நான் நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. எல்லாருக்கும் பேச இடம் கிடைத்ததா என்று கேள்வித்தாள் தயாரித்துப் பதினொரு பேருக்கும் அனுப்பியவள் நான். ரிஸ்னா அதில் 'ஆம்' என்று குறித்திருந்தாள். எத்தனையோ விஷயத்தைச் சந்தேகப்பட்ட நான், அந்த ஒரு 'ஆம்' மேல் மட்டும் சந்தேகப்படவில்லை.

மத்தியானம் தர்சினியின் அம்மா எருமைத் தயிரும் சர்க்கரையும் போட்டுச் சோறு கொடுத்தார். எங்கள் ஊர்த் தயிர் இப்படிக் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்காது. தர்சினி தன் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரிஸ்னா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். நடுவில் ரிஸ்னா, பக்கத்தில் நான், சுவரோரம் தர்சினி. உம்மா கதவருகே நின்றார். என்னிடமிருந்து மாப்பிள்ளை கிடைக்காது என்று தெரிந்த பிறகும் பிளேன்டி வந்தது. அழைப்பதற்கு முன்னால் ரிஸ்னாவின் கையைப் பிடித்து, "அந்தக் குரல்பதிவு விஷயத்தில் நான் செய்தது அசிங்கம். என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். "பரவாயில்ல மிஸ்" என்றாள், அதே சென்னைத் தமிழில். இன்னும் என்னை நம்பவில்லை என்று புரிந்தது. நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பேராசிரியர் திரையில் வந்தார். ரிஸ்னா வணக்கம் சொன்னாள், சகன் பாடத்தை விளக்கினாள், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று சொன்னாள். அழகாக, திக்காமல், அப்படியே எங்கள் தமிழில். அவர் கேட்டுக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரியே பேசுற?" பிறகு என் பக்கம் பார்த்தார். "நூர்ஜகான், உண்மையைச் சொல்லுங்க. எங்க இருக்கீங்க? தென்காசியா? இது சிலோன் தமிழே இல்லையே."

"சார், நான் கல்முனையில்தான் இருக்கேன்."

"அப்போ அவங்க ஊர்த் தமிழ்ல நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க பாக்கலாம். கேட்டாத் தெரிஞ்சிரும்."

ரிஸ்னா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்ததால் மறைத்து வைத்ததை இப்போது எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள், அதுவும் அத்தாட்சிக்காக. எனக்கு நான்காம் இயல் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண்ணைப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முடியாது சார். அவளைச் சோதிக்க வேண்டாம். அந்தப் பதிவுகளை எல்லாம் நானே எடுத்துடுறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். ஒரு வருட உழைப்பை விட்டுக்கொடுத்தேன் என்று எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"ஏன் மிஸ் கட் பண்ணின?"

ரிஸ்னாவின் குரல். முதல் தடவையாக அவளுடைய தமிழ். கண் இரண்டும் கலங்கியிருந்தன, ஆனால் அழுகை இல்லை, கோபம்.

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகவா? அவர் என்னோடதானே கதைச்ச? நான் பதில் சொல்ல முந்தி நீங்க என்னத்துக்குப் பதில் சொல்ற? பதிவ எடுக்கிறன் எண்டு சொல்ல ஒங்களுக்கு என்ன இரிக்கி? அது எங்கட எழுத்து மிஸ். எங்களுக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

இடம் கொடுக்காமல் விட்டதும் நான்தான், அவள் சார்பில் அழைப்பைத் துண்டித்ததும் நான்தான். அவள் என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, தானே பேராசிரியரை வீடியோவில் அழைத்தாள்.

"சேர், நான் ரிஸ்னா. கல்முனைக்குடி. முந்திக் கதைச்சது ஒங்களுக்கு விளங்கட்டும் எண்டு பழகின கதை. இது என்ட கதை. நம்புறதும் நம்பாததும் ஒங்கட விருப்பம், நான் பரீட்சைக்குக் கதைக்கல்ல. எங்கட பாடத்தப் பத்திக் கேளுங்க, எவ்வளவும் சொல்லுறன். எடுக்கிறதெண்டா எங்களுக்கிட்டக் கேட்டுத்தான் எடுக்க ஏலும். இன்னொண்டு, இது நான் தனிய எழுதினதில்ல. தர்சினியும் இன்னொரு புள்ளயும் சேர்ந்து செஞ்ச. அவங்கட பேரும் வரணும்."

பேராசிரியர் சிரிக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார் கடைசியில், கொஞ்சம் கம்மிய குரலில். "ஏழாவது ஆள் வந்தப்போ பிள்ளைங்க என்ன சொன்னாங்கன்னு முதல்லேருந்து சொல்லு. நான் எழுதிக்கிறேன். அந்தத் தர்சினி எங்கே?"

தர்சினி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். ரிஸ்னா கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், கொஞ்சம் அங்கால தள்ளி இரிங்க. நீங்க இரிந்தா தர்சினி படத்துல விழுறா இல்ல."

நான் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.